எகிறாத பந்து

ஒரு கால்பந்தை இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து கைவிட்டால் அது எவ்வளவு எகிற வேண்டும் என்று ஃபிஃபா ஒரு கணக்கு வைத்திருக்கிறது. முதல் தர முத்திரை வேண்டுமானால் 135 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. 155-ஐத் தாண்டவும் கூடாது. சுற்றளவு, எடை, நனைந்தால் எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று இன்னும் பல சோதனைகள் உண்டு. ஆனால் ஆடுகிறவனின் காலுக்கு முதலில் தெரிவது இந்த எகிறல்தான்.

இதே சோதனையைத் திருப்பூரில் வேறொரு பந்தை வைத்துச் செய்து பார்க்கலாம். எந்தப் பனியன் கம்பெனியிலும் கட்டிங் டேபிளுக்கு அடியில் அதற்கான சரக்கு கிடக்கும். துணியை அடுக்கடுக்காக விரித்து, கட்டிங் மாஸ்டர் மெஷினை ஓட்டி முடித்ததும் கழுத்து வளைவிலும் கை வளைவிலும் கழிந்து விழுகிற பிறை வடிவத் துண்டுகள். கட்டிங் வேஸ்ட் என்பார்கள். நிறம் பிரித்து, மூட்டை கட்டி, கிலோ கணக்கில் எடைக்குப் போகும். ஒரு பகுதி மில்லுக்குத் திரும்பிப் பஞ்சாகி மறுபடி நூலாகும். இன்னொரு பகுதி லேத் பட்டறைகளிலும் மெக்கானிக் கடைகளிலும் கிரீஸ் துடைக்கப் போகும். அதில் இரண்டு கைப்பிடி அள்ளி, இறுக்கி உருட்டி, ஓரத்தில் கழிந்த நீளத் துண்டால் சுற்றிச் சுற்றிக் கட்டினால் பந்து தயார். இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் தொப்பென்று விழும். விழுந்த இடத்திலேயே கிடக்கும்.

கிட்டத்தட்ட இப்படிப்பட்ட பந்தில் கால் பழகிய ஒருவர்தான் 2022-இல் ஆஸ்திரேலியாவை உலகக் கோப்பைக்குள் கொண்டுபோன உதையை உதைத்தார். பெயர் அவேர் மாபில். கென்யாவின் வடமேற்கு மூலையில், துர்கானா வறண்ட நிலத்தில், ககுமா அகதி முகாமில் 1995 செப்டம்பரில் பிறந்தவர். சூடானின் உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி வந்தது அவர் குடும்பம். ககுமா முகாம் 1992-இல் தொடங்கியது. போரில் பெற்றோரைப் பிரிந்து நூற்றுக்கணக்கான மைல் நடந்தே வந்து சேர்ந்த சூடான் சிறுவர்கள்தான் அதன் முதல் குடிகள். தற்காலிகம் என்று போட்ட குடிசைகள் முப்பது வருடம் தாண்டி, இன்று இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கும் ஊராகிவிட்டன. மாபிலின் வீடு மண்சுவர் வீடு. ரேஷன் மாதம் ஒரு முறை. அதை இழுத்துப் பிடித்து ஒரு நாளைக்கு ஒரு வேளைச் சாப்பாடு. ஐந்து வயது வாக்கில் அவர் பந்து விளையாட ஆரம்பித்தார். பிளாஸ்டிக் பைகளையும் கந்தலையும் சுருட்டிக் கட்டியதுதான் பந்து. செருப்பு கிடையாது.

இந்தக் கதையைப் பத்திரிகைகள் பலமுறை எழுதிவிட்டன, பெரும்பாலும் கண்ணீர்க் கதையாக. எனக்கு அதில் வேறொரு கேள்வி. அப்படி ஒரு பந்து, அப்படி ஓர் இடம், அப்படி ஒரு சாப்பாடு. இவற்றில் எது ஒரு சிறுவனின் காலுக்குக் கற்றுக்கொடுத்தது, எது அவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டது? இதற்கு உடலியலும் இயற்பியலும் ஓரளவுக்குத் தெளிவாகவே பதில் சொல்கின்றன.

முதலில் பந்து. இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விழும் எதுவும் தரையைத் தொடும்போது மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். நல்ல கால்பந்து அந்த ஆற்றலில் ஏறத்தாழ எழுபது சதவீதத்தைத் திருப்பித் தந்துவிடுகிறது. தருவது உள்ளே அடைத்த காற்று. தரை அழுத்தும்போது காற்று சுருங்குகிறது, விட்டதும் விரிகிறது. நடுவில் அது வீணாக்குவது மிகக் குறைவு. சுவாரசியம் என்னவென்றால், நல்ல பந்துக்குள்ளும் துணி இருக்கிறது. ஜலந்தரில் கையால் தைக்கும் பந்துகளில் மேல் தோலுக்கு அடியில் பாலியஸ்டரும் பருத்தியும் கலந்த துணியை அடுக்கடுக்காக ஒட்டுகிறார்கள். உதை வாங்கி வாங்கிப் பந்து கோணலாகிவிடாமல் பிடித்துவைப்பது அந்தத் துணியின் வேலை. எகிற வைப்பது காற்றின் வேலை.

கட்டிங் வேஸ்ட் பந்தில் காற்றின் வேலையையும் துணியே செய்ய வேண்டியிருக்கிறது. அதனால் முடியாது. பனியன் துணி நெய்த துணி அல்ல, பின்னிய துணி. ஒரே நூல் வளையம் வளையமாக ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் பனியன் இழுத்த இழுப்புக்கு வருகிறது, உடம்போடு ஒட்டுகிறது. துணிப்பந்து தரையில் மோதும்போது ஆயிரக்கணக்கான வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. இழையோடு இழை உரசுகிறது. மோதிய ஆற்றல் முழுவதும் அந்த உரசலில் சூடாகிக் கரைந்துபோகிறது. கையால் தொட்டு உணர முடியாத அளவு சின்னச் சூடு. திரும்பி வர எதுவும் மிச்சமில்லை.

இப்படி எகிறாத பந்தை வேண்டுமென்றே செய்கிறவர்களும் உண்டு. 1930-இல் உருகுவேயின் மான்டிவிடியோ நகரத்தில் ஹுவான் கார்லோஸ் செரியானி என்ற ஆசிரியர், மழைக்காலத்தில் உள்ளரங்கில் ஆடுவதற்காகக் கால்பந்தைச் சுருக்கி ஒரு விளையாட்டை வகுத்தார். இன்று அதற்கு ஃபுட்சால் என்று பெயர். அதன் விதிப்படி இரண்டு மீட்டரிலிருந்து விழும் பந்து 50 முதல் 65 சென்டிமீட்டர் வரைதான் எகிற வேண்டும். வந்த ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் அந்தப் பந்து விழுங்கிவிடுகிறது. பிரேசிலின் பெரிய ஆட்டக்காரர்கள் பலர் சிறுவயதில் இதைத்தான் ஆடினார்கள். எகிறாத பந்து காலடியிலேயே கிடக்கும். இன்னொருவன் வந்து பிடுங்குவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். தூக்கி அடித்துவிட்டு ஓடி ஒளிய முடியாது. உள்ளங்காலால் இழுத்து, கட்டைவிரலால் தள்ளி, குதிகாலால் திருப்பி, காலோடு பந்தை வைத்துக்கொண்டுதான் பிழைக்க வேண்டும்.

இனிமேல்தான் எனக்குப் பெரிய ஆச்சரியம். ஒருவர் பந்தை ஓங்கி உதைக்கும்போது காலும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஏறத்தாழ பத்து மில்லி செகண்ட். ஒரு செகண்டில் நூறில் ஒரு பங்கு. அந்தத் தொடுகையின் செய்தி பாதத்திலிருந்து நரம்பு வழியாக முதுகுத்தண்டு ஏறி மூளையின் புறணிக்குப் போய்ச் சேர ஏறத்தாழ நாற்பது மில்லி செகண்ட் ஆகிறது. நரம்பியல் மருத்துவர்கள் கணுக்காலில் சிறு மின்துடிப்பைக் கொடுத்து இதை அன்றாடம் அளக்கிறார்கள். ஆக, பந்து பட்டது என்ற செய்தி மூளைக்குப் போய்ச் சேரும்போது பந்து காலை விட்டுப் போய் முப்பது மில்லி செகண்ட் ஆகியிருக்கும். ‘கொஞ்சம் இடது பக்கம் திருப்பு’ என்று மூளை கட்டளை போட்டு, அது திரும்பத் தொடைக்கு இறங்கி வர இன்னும் நேரமாகும். உதை நடக்கும்போது அதைத் திருத்த உலகத்தில் யாராலும் முடியாது, மெஸ்ஸியாலும் முடியாது.

அப்படியானால் அந்தக் கால் எதை நம்பி ஆடுகிறது? முன்கணிப்பை நம்பி. கால் புறப்படும் முன்பே, ‘இந்த வேகத்தில், இந்தக் கோணத்தில் பட்டால் இப்படி உணரும், பந்து இப்படிப் போகும்’ என்று மூளை ஒரு கணக்குப் போட்டுவைக்கிறது. நடந்தபின் வந்த செய்தியைக் கணக்கோடு ஒப்பிட்டுப் பிசகைக் குறித்துக்கொள்கிறது. அடுத்த உதைக்குக் கணக்கைத் திருத்துகிறது. பெரும்பாலும் சிறுமூளையின் வேலை இது. திறமை என்று நாம் சொல்வது இந்த ஒப்பிடலை லட்சக்கணக்கான தடவை செய்து செய்து சீராக்கிய கணக்குதான்.

பிசகு இல்லாமல் இந்தக் கணக்கு வளராது. எப்போதும் ஒரே மாதிரி உருளும் பந்து, ஒரே மாதிரி தரை என்றால் மூளைக்குக் குறித்துக்கொள்ள அதிகம் இருக்காது. கந்தல் பந்து ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி போகும். ஒரு பக்கம் முடிச்சு துருத்திக்கொண்டிருக்கும். மழை பெய்தால் கனக்கும். நாலு நாளில் வடிவம் மாறும், ஒரு வாரத்தில் வேறொரு பந்தைக் கட்ட வேண்டும். மாறி மாறிச் செய்யும் பயிற்சி அந்த நேரத்தில் ஆட்டத்தைத் தடுமாற வைக்கும், ஆனால் கற்றது நிலைக்கும், புது நிலைமைக்கும் கைகொடுக்கும் என்பது இயக்கக் கற்றல் ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட ஒன்று. ஜெர்மனியில் புன்டஸ்லிகா தொழில்முறை ஆட்டக்காரர்கள் 52 பேரையும் கீழ்நிலை லீக் ஆட்டக்காரர்கள் 50 பேரையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு வந்தது. தேசிய அணி வரை போனவர்கள் சின்ன வயதில் பயிற்சியாளர் இல்லாமல் தாங்களாகவே கூடி ஆடிய ஆட்டம் மற்றவர்களைவிட அதிகம். பயிற்சி முகாமின் மணிக்கணக்கு மட்டும் அவர்களைப் பிரித்துக் காட்டவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. ‘பார்த்தீர்களா, வறுமைதான் சாம்பியன்களை உருவாக்குகிறது’ என்று சிலர் இதிலிருந்து ஓட ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. பிடிக்காதது மட்டுமல்ல, அது தவறான கணக்கும்கூட. ககுமாவில் கந்தல் பந்து உதைத்த பிள்ளைகள் பல்லாயிரம் பேர். நாம் பார்ப்பது மேலே வந்த ஒருவரை. வராதவர்களின் கால்களிலும் அதே பந்துதான் இருந்தது.

பாதத்தையே எடுத்துக்கொள்வோம். வெறுங்கால் ஆட்டத்துக்கு நம் நாட்டிலேயே பெரிய வரலாறு உண்டு. 1948 ஜூலை 31 அன்று லண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவின் கால்பந்து அணி பிரான்ஸை எதிர்த்து ஆடியது. பெரும்பாலோர் பூட்ஸ் போடவில்லை; சிலர் கட்டுத்துணி மட்டும் சுற்றியிருந்தார்கள். இரண்டு பெனால்டிகளைத் தவறவிட்டு 2-1 என்று தோற்றார்கள். இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் பெங்களூர் சாரங்கபாணி ராமன். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோல் அதுதான். நான்கு வருடம் கழித்து ஹெல்சிங்கியின் குளிரில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று அடிவாங்கிய பிறகுதான் நம்மவர்களுக்குப் பூட்ஸ் கட்டாயமானது.

வெறுங்கால் பாதத்துக்கு நல்லதும் செய்கிறது. உள்ளங்காலின் தடித்த தோலுக்குள் அழுத்தம், வழுக்கல், இழுபடல், அதிர்வு ஆகியவற்றை உணர நான்கு வகை நுண்ணுறுப்புகள் இருக்கின்றன. உள்ளங்கையில் இருப்பவையும் இதே நான்குதான். தரைக்கும் அவற்றுக்கும் நடுவில் எதுவும் இல்லையென்றால் மூளைக்கு வரும் தகவல் கூடும். பாதத்தின் வளைவும் நன்றாக அமைகிறது. ராவ், ஜோசப் என்ற இந்திய மருத்துவர்கள் இருவர் நான்கு முதல் பதின்மூன்று வயது வரையான 2,300 பிள்ளைகளின் காலடித் தடங்களை எடுத்துப் பார்த்து 1992-இல் வெளியிட்டார்கள். காலணி அணிந்து வளர்ந்த பிள்ளைகளில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலில் வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம்தான். எலும்பு மருத்துவர்கள் உலகெங்கும் இன்றும் எடுத்துக்காட்டும் ஆய்வு இது.

ஆனால் அதே வெறுங்கால் வழியாகத்தான் கொக்கிப்புழுவும் ஏறுகிறது. ஈர மண்ணில் இருக்கும் அதன் குஞ்சு பாதத் தோலைத் துளைத்து ரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாகச் சுற்றிக்கொண்டு குடலில் போய்க் கவ்விக்கொள்ளும். தினம் தினம் கொஞ்சம் ரத்தம் குடிக்கும். ரத்தத்தில் இரும்பு குறையும், ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறையும். ஆட்டத்தின் கடைசி இருபது நிமிடத்தில் கால் வராது. ககுமா போன்ற வறண்ட நிலத்தில் இது குறைவாக இருக்கலாம். நம் ஊர் வாய்க்கால் கரை மைதானங்களில் அப்படி இல்லை. பள்ளிக்கூடத்தில் தருகிற குடற்புழு மாத்திரை ஒரு கால்பந்து விஷயமும்தான்.

அடுத்தது சாப்பாடு. ஒரு வேளைச் சாப்பாட்டில் வளரும் பிள்ளையின் எலும்பு தன் கடிகாரத்தைத் தள்ளிவைக்கிறது. நீண்ட எலும்புகளின் முனையில் குருத்தெலும்பாலான ஒரு தட்டு இருக்கும். உயரம் வளர்வது அங்கேதான். வளர்ச்சி முடிந்ததும் அது எலும்போடு எலும்பாக இறுகி மறையும். சத்துக்குறைவு இந்த இறுகலைத் தாமதமாக்கும். பதினான்கு வயதுப் பையனின் மணிக்கட்டு எக்ஸ்ரேவில் பன்னிரண்டு வயதுக்காரனுடையதைப் போலத் தெரியலாம். கால்பந்துக்காரர்களுக்கு இது ஏன் முக்கியம் என்றால், வயது ஏமாற்றைப் பிடிக்க விளையாட்டு அமைப்புகள் நம்புவது மணிக்கட்டைத்தான். 17 வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளில் ஃபிஃபா எம்.ஆர்.ஐ. எடுக்கிறது, இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் இளையோருக்குக் கை எக்ஸ்ரேவை வைத்து எலும்பு வயது பார்க்கிறது. பிறப்புச் சான்றிதழ் இல்லாதவனுக்கு அவன் எலும்பே சான்றிதழ். அதுவும் அவன் சாப்பிடாத சாப்பாட்டையும் சேர்த்துத்தான் சாட்சி சொல்கிறது.

பிறந்த தேதியிலேயே இன்னொரு சிக்கல். தேதி தெரியாத அகதிகளுக்குப் பதிவேட்டில் ஜனவரி 1 என்று போட்டுவிடுவது உலகெங்கும் நடக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் ஒரே குடும்பத்தில் அண்ணன் தம்பி தங்கை எல்லோருக்கும் ஜனவரி 1 பிறந்தநாளாக இருப்பதைப் பார்க்கலாம். இது வெறும் காகிதக் குறை இல்லை. இளையோர் அணிகளுக்கு ஜனவரி 1 தான் பெரும்பாலும் வயது எல்லைக் கோடு. அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில், வருடத்தின் முதல் மாதங்களில் பிறந்த பிள்ளைகள் தங்கள் வயதுக் குழுவில் மூத்தவர்கள்; எட்டு ஒன்பது வயதில் பத்து மாத வித்தியாசம் என்பது நாலைந்து சென்டிமீட்டர் உயரம், ஒரு கிலோ தசை. தேர்வாளர் கண்ணுக்கு அவர்கள்தான் திறமைசாலிகளாகத் தெரிவார்கள். கனடாவில் ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் 1985-இல் ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர்களிடம் இதைக் காட்டினார். பிறகு கால்பந்திலும் ஐரோப்பா முழுக்கப் பார்த்தார்கள். நிஜத்தில் அக்டோபரில் பிறந்து ஏட்டில் ஜனவரியில் பிறந்தவனாக நிற்கும் அகதிப் பையன் தன்னைவிட மாதக்கணக்கில் மூத்தவர்களோடு தோள் மோத வேண்டும். அவர்கள் அதோடு தினம் மூன்று வேளை சாப்பிட்டும் வளர்ந்தவர்கள்.

இத்தனையையும் தாண்டி மாபில் எப்படி மேலே வந்தார் என்றால், பத்து வயதில் அவருக்கு ஒரு விமானச் சீட்டு கிடைத்தது. 2006-இல் ஆஸ்திரேலியாவின் மனிதாபிமானக் குடியேற்றத் திட்டத்தில் குடும்பம் அடிலெய்டுக்குப் போனது. அந்த வயது நல்ல வயது. பந்தோடு பழகும் கணக்கு மூளையில் ஏறியிருந்தது. உயரம் பாய்ந்து வளரும் பருவம் இன்னும் தொடங்கவில்லை. சாப்பாடு வந்தது. புல் வந்தது, பூட்ஸ் வந்தது. நிஜப் பந்து வந்தது. துணிப்பந்தில் பழகியவன் நிஜப் பந்துக்கு மாறும்போது எல்லாம் திடீரென்று எளிதாகிவிடுவதில்லை. எகிறும் பந்தை மார்பில் வாங்கி இறக்க, தலையால் முட்ட, நாற்பது மீட்டருக்கு வளைத்து அனுப்பக் கந்தல் பந்து கற்றுத்தராது. அதற்குத் தனியாகப் பயிற்சியாளர் வேண்டும், வருடங்கள் வேண்டும். அடிலெய்டில் இரண்டும் கிடைத்தன.

சட்டமும் வழிவிட்டது. 18 வயதுக்குக் கீழே உள்ளவரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளப்புக்கு மாற்ற ஃபிஃபாவின் 19-ஆம் விதி தடை போடுகிறது. ஆட்டக்காரச் சிறுவர்களை ஆப்பிரிக்காவிலிருந்து கூட்டிவந்து, தேறாதவர்களைத் தெருவில் விடும் தரகர்களைத் தடுக்க வந்த விதி. கால்பந்துக்குத் தொடர்பில்லாத காரணத்தால் பெற்றோரே குடிபெயர்ந்திருந்தால் அதற்கு விலக்கு உண்டு. உயிருக்கு அஞ்சி வந்த அகதிப் பிள்ளைகளுக்கும் பிறகு தெளிவாக விலக்கு எழுதினார்கள்.

அதன்பின் அவர் பாதை வேகமானது. பதினேழு வயதில் அடிலெய்டு யுனைடெட், 2015-இல் டென்மார்க்கின் மிட்யூலன், இடையில் போர்ச்சுகலில் ஒரு பருவம், 2020-இல் டேனிஷ் சாம்பியன் பட்டம், சாம்பியன்ஸ் லீக். 2018 அக்டோபரில் குவைத்துக்கு எதிராக ஆஸ்திரேலியாவுக்கு முதல் ஆட்டம், அதிலேயே கோல். அதே ஆட்டத்தில் அவரோடு அறிமுகமானவர் தாமஸ் டெங். அவரும் தென்சூடான் வேர் கொண்டவர், அடிலெய்டில் கூடவே வளர்ந்த நண்பர்.

2022 ஜூன் 13. கத்தாரின் அல் ரய்யானில் பெருவோடு கடைசித் தகுதி ஆட்டம். 120 நிமிடம் ஆடியும் கோல் இல்லை. பெனால்டியில் ஐந்தைந்து உதை முடிந்து சமநிலை. ஆறாவது உதைக்கு மாபில் நடந்து போனார். பதினொரு மீட்டர் தூரம். மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால் பந்து கோட்டைத் தாண்ட ஏறத்தாழ 0.4 செகண்ட். கோல்கீப்பர் பார்த்து, முடிவெடுத்து, தாவிப் போய்ச் சேர அது போதாது. அதனால் அவரும் பந்து கிளம்பும் முன்பே உதைப்பவரின் இடுப்பையும் ஊன்றிய காலையும் பார்த்துக் கணிக்க வேண்டும். ஒருவர் கணக்குக்கு எதிராக இன்னொருவர் கணக்கு. மாபில் அடித்தார். பெருவின் அடுத்த உதையை ஆஸ்திரேலிய கோல்கீப்பர் ரெட்மெய்ன் தடுத்தார். தன் குடும்பத்தின் சார்பில் ஆஸ்திரேலியாவுக்கு நன்றி சொல்ல இது ஒன்றுதான் வழி என்று மாபில் பிறகு சொன்னார். அந்த வருடக் கடைசியில் உலகக் கோப்பைக்குப் போன ஆஸ்திரேலிய அணியில் மாபில், டெங், கராங் குவோல் என்று தென்சூடான் வேர் கொண்டவர்கள் மூன்று பேர். மாபில் தன் அண்ணனோடு சேர்ந்து தொடங்கிய தொண்டு அமைப்பு ககுமாவுக்குப் பூட்ஸும் ஜெர்சியும் அனுப்பிக்கொண்டிருக்கிறது.

தமிழர்களில் இப்படி யார் என்று கேட்டால், இன்று முதலில் சொல்ல வேண்டிய பெயர் விமல் யோகநாதன். 2006-இல் பிறந்தவர், வேல்ஸின் டிரெலான்யிட் என்ற சின்னக் கிராமத்தில் வளர்ந்தவர், ஈழத் தமிழ்ப் பெற்றோரின் பிள்ளை. 2024 ஆகஸ்டில் பார்ன்ஸ்லி அணிக்காகக் களமிறங்கி, இங்கிலாந்தின் ஆண்கள் தொழில்முறைக் கால்பந்தில் ஆடிய முதல் தமிழர் ஆனார். நடுக்களத்தில் ஆடுகிறார், வேல்ஸ் இளையோர் அணியிலும் ஆடியவர். புலம்பெயர்ந்த தமிழர்கள் ஈழத் தமிழர் அணி ஒன்றையும் கட்டி, ஃபிஃபாவில் இடமில்லாத அணிகளுக்கான உலகப் போட்டிகளில் 2014-இல் சுவீடனிலும் 2018-இல் லண்டனிலும் ஆடினார்கள். யாழ்ப்பாணம் தெருவுக்கு ஒரு கழகம் என்று கால்பந்து ஊறிய மண். அந்த ஊறல் கடல் கடந்தும் போயிருக்கிறது.

அதே மண்ணிலிருந்து கிளம்பி நம் பக்கம் வந்தவர்களும் உண்டு. 1983-க்குப் பிறகு தமிழ்நாட்டுக்கு வந்த மூன்று லட்சம் பேரில் ஏறத்தாழ 58 ஆயிரம் பேர் 2021 கணக்குப்படி நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் இருந்தார்கள். திருப்பூரிலிருந்து பஸ் ஏறினால் கோவைப் பக்கம் பூலுவப்பட்டி, ஈரோடு மாவட்டத்தில் பவானிசாகர். அங்குள்ள பிள்ளைகளுக்கு ககுமா போன்ற பட்டினி இல்லை. பள்ளிக்கூடம் இருக்கிறது, சத்துணவு இருக்கிறது. பந்தும் இருக்கிறது. இல்லாதது காகிதம்.

இந்தியச் சட்டப்படி 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதன்பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும்; 2004 டிசம்பருக்குப் பிறகு பிறந்தவருக்கு நிபந்தனை இன்னும் இறுக்கம். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் இந்தத் தேதியைக் காட்டி உயர் நீதிமன்றத்தில் வென்று பாஸ்போர்ட் வாங்கினார். 2024 மக்களவைத் தேர்தலில் வாக்கும் போட்டார். முகாமில் பிறந்த இலங்கைத் தமிழரில் முதல் வாக்கு. அதே முகாமில், பக்கத்துக் குடிசையில், இரண்டு வருடம் தள்ளிப் பிறந்தவருக்கு அந்தக் கதவு இல்லை. இன்று அங்கே பந்து உதைக்கும் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அறவே இல்லை. விளையாட்டு அமைச்சகத்தின் 2008 முடிவுப்படி இந்திய பாஸ்போர்ட் இல்லாதவர் இந்தியாவுக்கு ஆட முடியாது. வேல்ஸில் பிறந்த பிள்ளை வேல்ஸ் சட்டை போடலாம். பவானிசாகரில் பிறந்த பிள்ளை இந்தியச் சட்டை போட முடியாது. அந்தச் சட்டையின் துணி திருப்பூரில் ஓடியதாக இருந்தாலும் முடியாது.

ஜப்பானில் பிறந்த இசுமி அராட்டா, தந்தை வழியில் இந்தியர், ஜப்பான் குடியுரிமையை விட்டுக்கொடுத்து இந்தியக் குடியுரிமை பெற்று 2013-இல் இந்தியாவுக்காக ஆடினார். விட்டுக்கொடுக்க அவரிடம் ஒரு பாஸ்போர்ட் இருந்தது. முகாமில் பிறந்த பிள்ளைக்குத் திறந்திருக்கும் இன்னொரு வழி, சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து இலங்கைக் குடியுரிமை பெறுவது. அதைப் பெற்றால் இலங்கைக்கு ஆடலாம். இலங்கைத் தேசிய அணியும் சில வருடங்களாகவே ஜெர்மனி, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என்று வெளியே பிறந்து வளர்ந்தவர்களைத் தேடிச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. அந்தத் தேடல் பாக் நீரிணையின் இந்தக் கரைக்கும் வர வேண்டும். தமிழ்நாட்டுக் கிளப்புகளும் வர வேண்டும். கிளப்பில் ஆடத் தேசிய அணியின் பாஸ்போர்ட் விதி குறுக்கே நிற்பதில்லை. பத்து வயதுக்கும் பதினாலு வயதுக்கும் நடுவில், எலும்பு பாயும் முன், காகிதத்தைச் சரிசெய்து கொடுக்கும் ஒரு வழக்கறிஞரும் வாரம் நாலு நாள் வந்து நிற்கும் ஒரு பயிற்சியாளரும் அங்கே போக வேண்டும். செலவு என்று பார்த்தால் ஒரு நடுத்தர பனியன் கம்பெனி தீபாவளிக்கு போனஸ் போடும் தொகைக்குள் ஒரு முகாமின் ஒரு வருடம் அடங்கிவிடும்.